ஏழு ஆண்டுகள், 58,000 கிலோமீட்டர்: மண்சாலைக்கான சிறிய கேம்பர் டிரெய்லரில் எது வேண்டும்?

அடிலெய்டில் வசிக்கும் நாங்கள் 2017-ஆம் ஆண்டு, காரின் பின்னால் இழுத்துச் சென்று தங்கிக்கொள்ளும் ஒரு சிறிய கேம்பர் டிரெய்லரை வாங்கினோம். ஏழு ஆண்டுகளில் அது எங்கள் டொயோட்டா பிராடோ காரின் பின்னால் ஏறத்தாழ 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் 19,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் தார் போடாத சாலைகள். எங்கள் தென் ஆஸ்திரேலிய மாநிலத்திலேயே உள்ள ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் பலமுறையும், மாரீயிலிருந்து மார்லா வரை நீளும் ஊட்னடாட்டா தடத்தில் மூன்று முறையும், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலையில் ஒரு முறையும் அதை இழுத்துச் சென்றிருக்கிறோம். இத்தகைய டிரெய்லர் வாங்க எண்ணும் நண்பர்கள் எந்தெந்த வசதிகள் இருக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. இருவர் படுக்கக்கூடிய மெத்தையைக் கொண்ட அலுமினியப் பெட்டி, பின்கதவைத் தூக்கினால் சமையலறை, கூரைமேல் பிள்ளைகளுக்கான மடிப்புக் கூடாரம், ஒற்றை அச்சு, பக்கத்துக்கு ஒரு காயில் ஸ்பிரிங் (சுருள்வில்). வெற்று எடை 890 கிலோ. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,500 கிலோ. விற்பனைக் கூடத்தில் எங்களைக் கவர்ந்தவை உள்ளே ஒளிரும் நீல விளக்குகளும், இழுத்தால் வெளியே வரும் துருப்பிடிக்காத எஃகு அடுப்பும், சுவரில் பொருத்திய சிறு தொலைக்காட்சியும்தான். அவற்றுள் ஒன்றுகூட நான் இன்று முக்கியமானதாகக் கருதும் பட்டியலில் இல்லை. விளக்கையும் அடுப்பையும் எந்த ஆண்டு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தையும், அச்சையும், கதவுச் சட்டத்தின் நேர்த்தியையும், தண்ணீர்த் தொட்டி அமைந்த இடத்தையும் வாங்கிய பிறகு மாற்ற முடியாது. மாற்றப் புகுந்தால் புது வண்டியின் விலையில் பாதி ஆகிவிடும். ஆகவே மாற்ற முடியாதவற்றை முதலில் பார்த்து, பணத்தை அவற்றில் போட வேண்டும் என்பதே என் கருத்து.

ஏன் என்பதை ஊட்னடாட்டா தடம்தான் எங்களுக்குக் காட்டியது. ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மண்சாலை, 1980-இல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே செல்கிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் காட்டி தாண்டா என்னும் ஏர் உப்பு ஏரியின் ஓரம், கவர்ட் ஸ்பிரிங்ஸில் ரயில் காலத்திலிருந்து நிற்கும் பேரீச்ச மரங்கள், நீல்ஸ் ஆற்றின் மேல் 578 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அல்ஜபக்கினா இரும்புப் பாலம் என்று வழியெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் சாலையின் குறுக்கே, துணி துவைக்கும் பலகையைப்போல, வரிவரியாக மேடு எழுந்திருக்கும். கொரகேஷன் என்று இங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். வாகனங்களின் சக்கரங்கள் துள்ளித் துள்ளி விழுவதாலேயே உண்டாகும் மேடுகள் இவை. கிரேடர் வந்து மட்டப்படுத்திப் போன சில வாரங்களில் மீண்டும் எழுந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்கு 22 முறை அடி வாங்குகிறது. ஒரு மணி நேரத்தில் அது 80,000 அடிகளாகிறது. தடத்தின் பாதித் தூரம்தான் அப்படி இருக்கிறது என்றாலும், மார்லா போய்ச் சேர்வதற்குள் நான்கு லட்சம் அடிகள் விழுந்திருக்கும். டிரெய்லரில் உள்ள ஒவ்வொரு திருகும், ஒவ்வொரு பற்றவைப்பும், ஒவ்வொரு கம்பி இணைப்பும் அந்த நான்கு லட்சத்தையும் தாங்கியாக வேண்டும். ஒரு வசதியைப் பார்க்கும்போது அது அழகாக இருக்கிறதா என்பதற்கு முன், நொடிக்கு 22 முறை குலுக்கினால் அது என்னவாகும் என்று கேட்டுப் பார்ப்பதே நான் கற்ற வழி.

எங்கள் முதல் பயணத்தில், தடத்தின் வழியில் உள்ள வில்லியம் கிரீக் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தபோது மூன்று அலமாரிக் கதவுகளின் பிளாஸ்டிக் தாழ்ப்பாள்கள் உடைந்திருந்தன. தொலைக்காட்சியைத் தாங்கிய கை சுவர்த்தகட்டைக் கிழித்துக்கொண்டு மெத்தைமேல் கிடந்தது. பின்பக்கம் மாட்டியிருந்த உதிரிச் சக்கரத்தின் தாங்கியில் விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள சக்கரத்தை வண்டியின் கடைக்கோடியில் தொங்கவிட்டால், நெம்புகோலின் நுனியில் கட்டிய கல்லைப்போல அது தன் தாங்கியை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கும். இன்று அந்தச் சக்கரம் முன்பக்கம், காரோடு இணைக்கும் இழுகம்பியின் மேல், படுத்த நிலையில் இருக்கிறது. அதன்பின் அந்தச் சிக்கல் இல்லை.

ஸ்பிரிங் அமைப்பைப் பற்றிக் கேட்காத நண்பர் இல்லை. லாரிகளில் காண்பது போன்ற பட்டை வில்களா, இரு சக்கரமும் தனித்தனியே அசையும் காயில் ஸ்பிரிங்கா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. பட்டை வில்லில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஓரளவு துள்ளலை அடக்கிவிடுகிறது, ஒரு பட்டை முறிந்தாலும் கட்டுப்போட்டு அடுத்த ஊர் வரை போய்விடலாம், விலையும் குறைவு. தனித்தியங்கும் காயில் ஸ்பிரிங் சாமான்களை மென்மையாக ஏந்திச் செல்கிறது. முட்டை உடையாமல் வருகிறது. ஆனால் துள்ளலை அடக்கும் வேலை முழுவதும் ஷாக் அப்சார்பரின் தலையில் விழுகிறது. கிப் ரிவர் சாலையில், பென்டிகாஸ்ட் ஆற்றைக் கடப்பதற்கு முந்தைய நாள் மாலை, எங்கள் இடப்பக்க ஷாக் அப்சார்பர் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறி எண்ணெய் கக்கியிருந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கச் சக்கரம் பந்துபோலக் குதித்தது. வேகத்தை மணிக்கு 40-க்குக் குறைத்து ஒன்றரை நாள் ஊர்ந்தோம். பக்கத்துக்கு ஒன்றாக இல்லாமல் இரண்டு ஷாக் அப்சார்பர்கள் உள்ள வண்டியைத்தான் இன்று வாங்குவேன்; சூட்டை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்று போனாலும் மற்றொன்று கரை சேர்க்கும். தனித்தியங்கும் அமைப்பில் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் அது இருந்தது; இரண்டாம் ஆண்டில் ஒரு டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்தபோது, அரை மணி நேர வேலையில் சரிசெய்ய முடிந்தது.

ஓட்டுபவரின் கையில் உள்ள வைத்தியம் ஒன்றும் இருக்கிறது: டயர்க் காற்று. தார்ச்சாலையில் டிரெய்லருக்கு 38 பிஎஸ்ஐ வைக்கிறோம்; மண்சாலை தொடங்கும் இடத்தில் நின்று 26-க்கு இறக்குகிறோம். மென்மையான டயர் முதல் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. கூர்கல்லும் எளிதில் கிழிப்பதில்லை. காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிவிடும். முதல் பயணத்தில் நாங்கள் இதைச் செய்யவில்லை. உடைந்த தாழ்ப்பாள்களில் பாதிக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சேசிஸ் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் எங்களுக்குப் பெருஞ்செலவு ஏற்பட்டது. டிரெய்லரைக் காரோடு இணைக்கும் முக்கோணச் சட்டமான இழுகம்பி, பெட்டியின் முன்விளிம்போடு நின்றுவிடாமல் அடியில் நெடுந்தூரம், முடிந்தால் அச்சு வரைக்கும், ஓட வேண்டும். எங்களுடையதில் அது பெட்டியின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் முடிந்து, குறுக்கே ஒரே ஒரு பற்றவைப்பால் நிறுத்தப்பட்டிருந்தது. குறுக்கே ஓடும் பற்றவைப்பு, வளையும் குழாயின் மிகவும் இறுக்கம் விழும் இடத்தில் அமைந்தால், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நான்காம் ஆண்டில், சேற்றைக் கழுவும்போது என் மனைவிதான் அதைக் கண்டார்: வண்ணப்பூச்சில் தலைமுடி போன்ற ஒரு கோடும், அதைச் சுற்றித் துருவின் செம்மையும். விற்ற நிறுவனம் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று கைவிரித்தது. இழுகம்பியின் இரு பக்கமும் நீளவாக்கில் வலுத்தகடு வைத்துப் பற்றவைக்க 1,400 டாலர் ஆனது. முழுச் சேசிஸும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கப்பட்டதா, வெறும் வண்ணம் பூசப்பட்டதா என்பதையும் கேளுங்கள். கல் தெறித்து வண்ணம் போன இடத்தில் துரு பிடிக்கும். துத்தநாகப் பூச்சு அவ்வளவு எளிதில் போவதில்லை.

இணைப்பைப் பொறுத்தவரை, வழக்கமான 50 மில்லிமீட்டர் உருண்டை சாதாரண மண்சாலைக்குப் போதும். குழியும் பாறையும் உள்ள தடங்களில் காரும் டிரெய்லரும் எதிரெதிர்த் திசைகளில் சாயும்போது உருண்டைக்குச் சுழல இடம் போதாது. டிஓ35 போன்ற, எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய இணைப்பை மூன்றாம் ஆண்டில் மாற்றிக்கொண்டோம். இது பின்னால் சேர்க்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. எனவே வாங்கும்போதே இருந்தால் நல்லது, இல்லையென்றால் கவலையில்லை.

பிரேக் விஷயத்தில் சட்டமே வழிகாட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருப்பதோடு, இணைப்பு அறுந்தால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். சிறிய டிரெய்லர்கள் பெரும்பாலும் இடையில்தான் வரும். காரின் உள்ளிருந்தே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்பிரேக்கை நான் பரிந்துரைக்கிறேன். செங்குத்தான இறக்கத்தில், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் பிடித்து அதைப் பின்னால் இழுத்து நிறுத்தும்போது கிடைக்கும் நிம்மதிக்கு ஈடில்லை. ஆற்றைக் கடந்த பிறகு டிரம்முக்குள் நுழைந்த நீரும் மணலும் வெளியேற, மெல்ல ஓட்டியபடி சில முறை பிரேக்கை அழுத்திவிட வேண்டும்.

சக்கரங்களும் டயர்களும் காரில் உள்ளவையாகவே இருக்கட்டும்: அதே அளவு, அதே எண்ணிக்கையில் போல்ட்டுத் துளைகள், முடிந்தால் அதே அகலத்தடம், அதாவது இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அதே தூரம். அப்போது இரண்டு உதிரிச் சக்கரங்களும் காருக்கும் டிரெய்லருக்கும் பொது. அகலத்தடம் ஒன்றாக இருந்தால், மணலிலும் சேற்றிலும் கார் வகுத்த பள்ளத்திலேயே டிரெய்லரும் வரும்; இல்லையெனில் புதுப்பள்ளம் தோண்டிக்கொண்டு வந்து இஞ்சினை இழுக்கும். பேரிங்குகள் எங்கும் கிடைக்கும் வகையாக இருக்க வேண்டும். ஒரு முழுச் சோடி பேரிங்கும், சீலும், ஒரு டப்பா கிரீஸும் எங்கள் கருவிப்பெட்டியில் எப்போதும் உண்டு. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், ஆழமான நீரைக் கடந்த ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றைத் திறந்து பார்க்கிறேன்.

டயர்க் காற்றையும் சூட்டையும் காருக்குள் காட்டும் கருவியை நான் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். ஐந்தாம் ஆண்டில், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் உள்ள பிளின்மனுக்குப் போகும் வழியில், டிரெய்லரின் ஒரு டயர் காற்றிழந்ததை நாங்கள் உணரவே இல்லை. கார்ச் சக்கரம் பஞ்சரானால் ஸ்டீயரிங் சொல்லிவிடும். டிரெய்லர்ச் சக்கரம் சொல்லாது. எதிரே வந்தவர் விளக்கைப் போட்டுக் காட்டி நிறுத்தியபோது டயர் கந்தலாகி, சக்கர விளிம்பே தரையில் தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு டயரும் ஒரு சக்கரமும் போன செலவில் அந்தக் கருவியை மூன்று முறை வாங்கியிருக்கலாம்.

எடைக்கு வருவோம். விற்பவர்கள் சொல்லும் வெற்று எடையில் பெரும்பாலும் மேல்கூடாரமும், இரண்டாவது பேட்டரியும், நிழற்கூரையும் சேர்ந்திருக்காது. வாங்கிய மாதமே, நீரையும் எரிவாயுவையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு பொது எடைமேடைக்குச் சென்றோம்: 1,380 கிலோ. அனுமதித்த 1,500-க்குள்தான் இருந்தோம். ஆனால் நான் நினைத்திருந்ததைவிட 160 கிலோ கூடுதல். காரின் இணைப்பில் அழுத்தும் எடை, டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. அது மிகவும் குறைந்தால், அதாவது சுமை அச்சுக்குப் பின்னால் குவிந்தால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும். ஆளையே கொல்லக்கூடிய ஆட்டம் அது. இங்கேதான் தண்ணீர்த் தொட்டி அமைந்த இடம் முக்கியமாகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தொட்டி நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் வண்டியின் சமநிலை மாறாதிருக்க, அது அச்சுக்கு மேலோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும்.

எங்களுக்கு 60 லிட்டரில் இரண்டு தொட்டிகள் உள்ளன. அவற்றுக்கு இடையே ஒரு குழாய்த்திருகு இருக்கிறது. ஒரே பெரிய தொட்டியைவிட இதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒன்றில் கல் பாய்ந்து ஒழுகினாலும், ஊரில் பிடித்த நீரின் உப்பு தாங்காவிட்டாலும், மற்றொன்று காப்பாற்றும். பாலைவனத்தில் நீர் தீர்வது வெறும் அசௌகரியம் அல்ல. தொட்டியின் அடியில் கல்தடுப்புத் தகடு இருப்பதோடு, குழாய்களும் அந்தத் தகட்டுக்கு மேலேயே ஓட வேண்டும்; எங்களுடையதில் வடிகுழாய் மட்டும் கீழே நீட்டிக்கொண்டிருந்தது, முதல் பயணத்திலேயே அது உடைந்து ஒரு தொட்டி நீரும் சாலையில் போயிற்று. மின்பம்பு ஒருபுறம் இருக்க, கையால் இயக்கும் சிறு பம்பு ஒன்றும் பொருத்திக்கொண்டோம்.

இனிப் புழுதி. கொரகேஷனுக்கு அடுத்து, ஏன், சில நாட்களில் அதற்கும் முன்னால், நான் அஞ்சுவது இதற்குத்தான். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் செம்மண் புழுதி மாவைவிட நுண்ணியது. புல்டஸ்ட் என்று சொல்லும் குழிகளில் அது தண்ணீரைப்போலவே தேங்கி நிற்கும். ஓடும் பெட்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது; அந்தக் குறைந்த அழுத்தம் பின்கதவின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் புழுதியை உள்ளே உறிஞ்சுகிறது. எங்கள் சமையலறை இருப்பதோ அந்தப் பின்கதவுக்கு உள்ளே. முதல் பயணத்தின் இரண்டாம் இரவு, அரிசியை நான்கு முறை களைந்தும், சோறு பல்லில் நறநறத்தது. மஞ்சள்தூள் டப்பாவின் மரையில்கூடச் செம்மண் ஏறியிருந்தது. பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள்.

புழுதிக்கு இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும். ஒன்று, கதவு நேர்த்தியாக, எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியோடு அடைய வேண்டும். ரப்பர் பட்டையை மாற்றலாம், கோணலான கதவுச்சட்டத்தை மாற்ற முடியாது. வாங்கும் முன் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, சுற்றிலும் பல இடங்களில் இழுத்துப் பாருங்கள். எங்காவது அது தடையின்றி வழுக்கி வந்தால் புழுதியும் அவ்வழியே வரும். நிறத்தூளைத் தூவிச் சோதிப்பவர்களும் உண்டு, ஆனால் காகிதமே போதுமானது. மற்றொன்று, கூரையின் முன்பகுதியில் வடிகட்டி வைத்த காற்றுவாய். வண்டி ஓடும்போது அது தூய காற்றை உள்ளே திணிக்கிறது. உள்ளழுத்தம் கூடுவதால் காற்று இடுக்குகள் வழியே வெளியேறுகிறது, புழுதி நுழைய இடமில்லை. மூன்றாம் ஆண்டில் இதைப் பொருத்திய பிறகு, ஊட்னடாட்டாவின் இரண்டாம் பயணத்தில் மெத்தை விரிப்பு வெள்ளையாகவே இருந்தது. செலவழித்த ஒவ்வொரு டாலரிலும் இதற்குக் கொடுத்ததே எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. வடிகட்டியை நாள்தோறும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். எதிரே பெருலாரி வரும்போதும் ஜன்னல்கள் மூடியே இருக்க வேண்டும்.

மின்சாரம் பற்றி எழுத எவ்வளவோ இருந்தாலும் தேவை எளிது. எங்கள் 45 லிட்டர் குளிர்பெட்டி வெயில் நாளில் 35 ஆம்பியர்-மணி அளவுக்கு இழுக்கிறது. விளக்கும் மின்விசிறியும் கைப்பேசிகளும் சேர்ந்து இன்னும் பத்து. முதலில் இருந்த ஈய பேட்டரியின் கொள்ளளவில் பாதியைத்தான் அதன் ஆயுள் கெடாமல் பயன்படுத்த முடிந்தது; எடையோ 30 கிலோ. அதே 100 ஆம்பியர்-மணிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12 கிலோதான். கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாது. உள்ளிருக்கும் காப்புச்சுற்று தடுத்துவிடும். ஜூலை மாதம், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வில்பீனாவில், இரவு உறைபனி விழுந்த காலையில், சூரியத்தகட்டில் வெயில் அடித்தும் பேட்டரி ஏறாமல் நின்றது. ஒன்பது மணிக்கு மேல் பெட்டி சூடேறிய பிறகே ஏறியது. பழுது அல்ல என்று தெரியாததால் அன்று காலை முழுதும் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போதைய கார்களில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், காரின் பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அந்த நிலையில் வெறும் கம்பியிழுத்தால் டிரெய்லர் பேட்டரி பாதிதான் நிறையும். மின்னழுத்தத்தை மீண்டும் உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம் வேண்டும். சூரியத்தகடு கூரையில் நிலையாக இருப்பதைவிட, விரித்து வைக்கும் 200 வாட் தகடே எனக்குப் பிடித்தது. வண்டியை மரநிழலிலும் தகட்டை வெயிலிலும் வைக்கலாம். 40 பாகை வெயிலில் இது சிறிய வேறுபாடு அல்ல. எப்படி இருந்தாலும், கம்பிகளும் ஃபியூஸ்களும் ஒரே மூடியைத் திறந்தால் தெரியும்படியும், பெயர் எழுதியும் இருக்க வேண்டும். எங்களுடையதில் அவை மெத்தைக்கு அடியில், ஆணியடித்த பலகைக்குப் பின்னால் இருந்தன. மழையில் நின்றுகொண்டு ஒரு ஃபியூஸ் மாற்ற முழு மெத்தையையும் வெளியே எடுத்த அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பலகையை அறுத்துக் கதவு வைத்தேன்.

சமையலறை பின்பக்கமா, பக்கவாட்டிலா என்பது அவரவர் பழக்கம். எனக்கு முக்கியம் காற்றுத்தடுப்பு: திறந்தவெளியில் காற்று அடித்தால் குக்கர் விசில் வர அரை மணி ஆகும், எரிவாயு வீண். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகடு நிற்க வேண்டும். இழுப்பறைகள் முழுச் சுமையோடும் பூட்டி நிற்கும் தாழ்ப்பாள் இரும்பாலானதாக இருக்க வேண்டும். அடுப்பு எடுத்துத் தரையிலும் வைக்கக் கூடியதானால் மேலும் நல்லது. வெந்நீர்க் கருவியை ஏழு ஆண்டுகளில் பதினைந்து முறைகூடப் பயன்படுத்தவில்லை.

தூக்கத்துக்கு மெத்தையைவிடக் காற்றோட்டமே பெரிது. மூடிய அலுமினியப் பெட்டிக்குள் இருவர் மூச்சுவிட்டால் குளிர்கால இரவில் சுவர்கள் வியர்க்கும். மெத்தையின் அடிப்புறம் பூஞ்சணம் பிடிக்கும். கூரையில் விசிறி வைத்த திறப்பும், எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல்களும், மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும் சட்டமும் வேண்டும். கொசுவலையின் கண்கள் மிகவும் சிறிதாக இருக்கட்டும். கிப் ரிவர் சாலை செல்லும் கிம்பர்லியில் மணற்கொசுக்கள் சாதாரண வலையில் தாராளமாக நுழைந்தன.

பிள்ளைகளின் கூரைக்கூடாரத்தை நான்காம் ஆண்டில் கழற்றிவிட்டோம். 60 கிலோ உச்சியில் இருந்ததால் சாய்வான தடத்தில் வண்டி அச்சமூட்டும்படி அசைந்தது. நள்ளிரவில் ஏணியில் இறங்கும் மகனை நினைத்து மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது நிழற்கூரையோடு இணையும் தரைக்கூடாரம்தான். அதை விரிக்கக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் எங்கள் பெட்டியில் கதவைத் திறந்தால் உடனே படுக்கை. இருட்டிய பிறகு, மழையில், களைத்த பிள்ளைகளோடு வந்து சேரும் நாளில் எத்தனை நிமிடத்தில் எல்லோரும் நனையாமல் உட்கார முடிகிறது என்பதை வைத்தே ஒரு கேம்பரை மதிப்பிடுகிறேன்.

சின்னச் சின்னவற்றில் மூன்றைச் சொல்லாமல் விட முடியாது. முன்பக்கத்துக்கு வலை போன்ற கல்தடுப்பு வேண்டும்: காரின் பின்சக்கரம் எறியும் கற்கள் டிரெய்லரின் தட்டையான முகப்பில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியையே உடைக்கும். எங்கள் கண்ணாடி மாரீயைத் தாண்டிய முதல் மணி நேரத்தில் போயிற்று, மீதிப் பயணம் முழுதும் அட்டையும் ஒட்டுநாடாவும்தான். டிரெய்லரின் பின்னாலும் இழுத்து மீட்கும் வளையம் இருக்க வேண்டும். சேற்றில் சிக்கினால் சில சமயம் பின்னோக்கி இழுப்பதே வழி. டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது முன்னால் தாங்கும் சிறு துணைச்சக்கரம் பத்து அங்குலமாவது இருக்கட்டும். சிறியது மணலில் புதைந்துவிடும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து அடியில் பாருங்கள். இழுகம்பி பெட்டியைச் சேரும் இடம், ஸ்பிரிங் தாங்கிகளின் பற்றவைப்பு, ஷாக் அப்சார்பரின் மேற்பிடி, உதிரிச் சக்கரத் தாங்கி ஆகிய நான்கு இடங்களையும் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியால் தூக்கிச் சுற்றிக் காது கொடுங்கள். உறுமினால் பேரிங் போயிருக்கிறது. உள்ளே மெத்தையைத் தூக்கி மூலைகளில் விரலைத் தேயுங்கள். நன்றாகக் கழுவித் துடைத்து விற்பனைக்கு வைத்த வண்டியிலும் அந்த மூலைகளில் செம்மண் இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்பதே அந்தக் கதவுகள் எப்படி அடைகின்றன என்பதைச் சொல்லிவிடும்.

எங்கள் வண்டியை இப்போதைக்கு மாற்றும் எண்ணமில்லை. அடுத்த ஜூனில் மீண்டும் வடக்கே போகிறோம். அதற்குள் இரு பக்கமும் இரட்டை ஷாக் அப்சார்பர் பொருத்தத் தாங்கிகள் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன். இம்முறை நீளவாக்கில்.